இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முரண்படும்போது: கருவின் பாலினம் குறித்த இரு முடிவுகள்

கருவுற்ற தாய்மார்கள் பலர் இன்று 10ஆம் வாரத்திலேயே என்.ஐ.பி.டி எனப்படும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்கின்றனர். டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் குறைபாடுகளுக்கான வாய்ப்பைக் கணிப்பதே இதன் முதன்மை நோக்கம். ஆயினும், பெற்றோர் விரும்பினால் குழந்தை ஆணா பெண்ணா என்ற தகவலும் அதே அறிக்கையில் இடம்பெறுகிறது. சில வாரங்கள் கழித்து, 20ஆம் வாரத்தையொட்டிச் செய்யப்படும் விரிவான ஸ்கேனில் தெரிவது அந்தத் தகவலோடு பொருந்தாமல் போவதுண்டு. "இரத்தத்தில் ஆண் என்றார்களே, இப்போது பெண் என்கிறீர்களே, எது சரி?" என்று குடும்பத்தினர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு அன்றே, அந்த அறையிலேயே விடை கூற எங்களால் பெரும்பாலும் இயல்வதில்லை.

இத்தகைய முரண்பாடு அரிதானது. ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கர்ப்பங்களில் ஒன்றில் இது நேரலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் கணிசமான பகுதிக்குக் காரணம், குழந்தையின் உடல்நலத்தோடு தொடர்பில்லாத ஒன்றாகவே இருக்கும். எனினும், மீதமுள்ளவற்றுள் சில, குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் உயிரைக் காக்கும் சிகிச்சை தேவைப்படும் நிலைகள். எனவே, "ஏதோ ஒன்று தவறாகிவிட்டது, பிறந்தால் தெரிந்துவிடும்" என்று இம்முரண்பாட்டை ஒதுக்கிவிடலாகாது. அது ஏன் ஏற்படுகிறது, ஏற்பட்டால் அடுத்து என்ன செய்யப்படும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இரண்டும் பார்ப்பது வேறு வேறு பொருள்களை

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்க வேண்டும். இவ்விரு பரிசோதனைகளும் ஒரே பொருளை இரு வழிகளில் அளப்பவை அல்ல.

தாயின் இரத்தத்தில் அவருடைய சொந்த டிஎன்ஏ துணுக்குகளோடு, கருவைச் சார்ந்த டிஎன்ஏ துணுக்குகளும் மிதக்கின்றன. இதை டென்னிஸ் லோ என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளிப்படுத்தினர். ஆண் கருவைச் சுமந்த தாய்மாரின் இரத்தத்தில் ஒய் குரோமோசோமின் துணுக்குகள் இருப்பதை அவர்கள் கண்டனர். 2011 முதல் இக்கண்டுபிடிப்பு மருத்துவமனைப் பரிசோதனையாக நடைமுறைக்கு வந்தது. இத்துணுக்குகள் பெரும்பாலும் குழந்தையின் உடலிலிருந்து வருபவை அல்ல. நஞ்சுக்கொடியின் செல்கள் சிதையும்போது வெளிப்படுபவை. 10 முதல் 20 வாரங்களுக்குள், தாயின் இரத்தத்தில் மிதக்கும் மொத்தத் துணுக்குகளில் இவை சராசரியாக 10 விழுக்காடு. மீதமுள்ள 90 விழுக்காடு தாயினுடையவை. ஆய்வகம் இந்தக் கலவையில் ஒய் குரோமோசோமின் அடையாளத்தைத் தேடுகிறது. இருந்தால் ஆண் என்றும், இல்லையென்றால் பெண் என்றும் முடிவு கூறப்படுகிறது.

ஸ்கேன் பரிசோதனை குரோமோசோமைப் பார்ப்பதில்லை. குழந்தையின் வெளியுறுப்பின் வடிவத்தைப் பார்க்கிறது. கர்ப்பத்தின் 11ஆம் வாரம் வரை இரு பாலினத்தாரின் வெளியுறுப்புகளும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். அதன்பிறகே வேறுபாடு படிப்படியாகப் புலனாகிறது.

ஆகவே, முதல் பரிசோதனை "நஞ்சுக்கொடியில் ஒய் குரோமோசோம் உள்ளதா?" என்ற வினாவுக்கு விடை தருகிறது. இரண்டாவது, "உறுப்பு எந்த வடிவில் வளர்ந்துள்ளது?" என்ற வினாவுக்கு விடை தருகிறது. பெரும்பாலான கர்ப்பங்களில் இவ்விரு விடைகளும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதபோது, இரண்டுமே தத்தம் அளவில் சரியாக இருக்கவும் கூடும்.

முதலில் ஆராயப்படும் எளிய காரணங்கள்

முரண்பாடு தெரிந்தவுடன் நாங்கள் முதலில் செய்வது தாள்களைச் சரிபார்ப்பதே. இரத்தக் குழாயின் மேல் ஒட்டப்பட்ட பெயரும் அடையாள எண்ணும் அறிக்கையில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறோம். அறிக்கையைப் படித்துச் சொன்னவர் சரியாகச் சொன்னாரா, கேட்டவர் சரியாகக் கேட்டாரா என்பதையும் உறுதிசெய்கிறோம்.

அடுத்து, ஸ்கேன் எந்த வாரத்தில் எடுக்கப்பட்டது என்பது முக்கியம். 12ஆம் வாரத்திற்கு முன் கூறப்படும் பாலினத்தை உறுதியானதாகக் கொள்ளக்கூடாது. 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில் நம்பகத்தன்மை மிக உயர்வு. அப்போதும், குழந்தை கால்களை மடக்கிக் குறுக்காக வைத்திருந்தாலோ, தொப்புள்கொடி கால்களுக்கிடையே கிடந்தாலோ, பனிக்குட நீர் குறைந்திருந்தாலோ, தாயின் வயிற்றுச் சுவர் தடித்திருந்தாலோ தவறாகத் தோன்ற இடமுண்டு.

இரத்தப் பரிசோதனை மிக முன்னதாகச் செய்யப்பட்டிருந்தாலும் பிழை நேரலாம். தாயின் உடல் எடை அதிகமாக இருக்கும்போது நஞ்சுக்கொடியின் டிஎன்ஏ அளவு விகிதத்தில் குறைந்துவிடுகிறது. அளவு மிகக் குறைந்தால், இருக்கும் ஒய் குரோமோசோமும் கண்ணில் படாமல் போகலாம். இவற்றுக்கெல்லாம் தீர்வு எளிது: சில நாள்கள் கழித்து, அனுபவமிக்க வேறொருவர் மீண்டும் ஸ்கேன் எடுப்பது, தேவையானால் இரத்தத்தை மீண்டும் எடுத்து அனுப்புவது.

தாயின் உடலில் உள்ள காரணங்கள்

சில வேளைகளில் தாயின் இரத்தத்தில் உள்ள ஒய் குரோமோசோம் இப்போது வளரும் குழந்தையினுடையதாக இராது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரட்டைக் கருவாக இருந்து, அவற்றுள் ஒன்று வளர்ச்சி நின்று மறைந்துவிடுவதுண்டு. தாய்க்கு அது தெரியாமலேயே போயிருக்கலாம். மறைந்த கரு ஆணாக இருந்திருந்தால், அதன் நஞ்சுப் பகுதியிலிருந்து டிஎன்ஏ துணுக்குகள் இரண்டு மாதங்களுக்கு மேலும் தாயின் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். வளரும் குழந்தை பெண். அறிக்கை கூறுவதோ ஆண். ஆகவேதான், 6ஆம் அல்லது 7ஆம் வாரத்தில் எடுத்த முதல் ஸ்கேன் படத்தைக் கொண்டுவருமாறு கேட்கிறோம். அப்படத்தில் இரண்டாவது கருவின் அடையாளம் காணப்பட்டால் புதிர் பெரும்பாலும் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

ஆண் ஒருவரிடமிருந்து சிறுநீரகமோ, கல்லீரலோ, எலும்பு மச்சையோ தானமாகப் பெற்ற தாயின் இரத்தத்திலும் ஒய் குரோமோசோம் துணுக்குகள் காணப்படும். அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாலும் முடிவு பாதிக்கப்படலாம். இவை பிறரிடம் சொல்ல விரும்பாத செய்திகளாக இருக்கலாம். அதனால் இக்கேள்விகளைத் தாயிடம் தனியாகக் கேட்பதே எங்கள் வழக்கம். உடன் வந்தவர்களைச் சற்று நேரம் வெளியே அமருமாறு கூறினால், தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்.

மூன்றாவது காரணம் நஞ்சுக்கொடியிலேயே உள்ளது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றினாலும், மிகத் தொடக்கத்தில் ஏற்படும் செல் பிரிவு மாற்றத்தால் நஞ்சுக்கொடியில் ஒருவகைக் குரோமோசோம் அமைப்பும் குழந்தையில் வேறு வகையும் அமையக்கூடும். இதனை இரத்தப் பரிசோதனையால் மட்டும் பிரித்தறிய இயலாது.

குழந்தையின் வளர்ச்சியிலேயே வேறுபாடு இருந்தால்

மேற்கண்டவை எவையும் இல்லையெனத் தெளிந்தபின், பாலின வளர்ச்சி வேறுபாடுகள் என்ற தொகுதியைக் கருத வேண்டியுள்ளது. இதனைப் புரிந்துகொள்ள, உறுப்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒய் குரோமோசோமில் எஸ்.ஆர்.ஒய் என்றொரு மரபணு உள்ளது. 1990இல் கண்டறியப்பட்ட இம்மரபணுவே விரைகள் உருவாவதற்கான தூண்டுதலைத் தருகிறது. விரைகள் ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோனை உடலின் செல்கள் ஏற்று, அதற்கேற்ப வெளியுறுப்பு ஆணுறுப்பாக வளர்கிறது. இத்தொடரில் ஏதேனும் ஒரு கட்டத்தில் தடை நேர்ந்தால், குரோமோசோம் ஒன்றாகவும் தோற்றம் வேறாகவும் அமையும்.

இரத்தப் பரிசோதனை ஆண் என்றும் ஸ்கேன் பெண் என்றும் கூறும்போது, ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்ற நிலை ஒரு வாய்ப்பு. இங்கு விரைகள் உண்டு, ஹார்மோனும் சுரக்கிறது. ஆனால் செல்களால் அதனை உணர இயலவில்லை. குழந்தை பெண்ணின் தோற்றத்தோடு பிறந்து பெண்ணாகவே வளர்கிறது. கருப்பை இராது. முன்பெல்லாம் குடலிறக்க அறுவையின்போதோ, பருவ வயதில் மாதவிடாய் வராததாலோதான் இந்நிலை வெளிப்படும். இப்போது பிறப்பதற்கு முன்பே தெரிய வாய்ப்புள்ளது. இது பிறந்தவுடன் உயிருக்கு ஆபத்தை விளைவிப்பதன்று. ஆனால், அந்தப் பெண் வளர்கையில் வயதுக்கேற்பத் தன் உடலைப் பற்றி அறிந்துகொள்ளவும், தொடர்ந்து மருத்துவக் கண்காணிப்பில் இருக்கவும் இது உதவும். ஆணுறுப்பு சிறிதாகி, சிறுநீர்த் துளை கீழே அமைந்திருக்கும் ஆண் குழந்தையும் ஸ்கேனில் பெண்ணெனத் தோன்றலாம். எலும்பு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றிலும் மாற்றங்கள் கொண்ட அரிய நோய்க்குறிகளும் உள்ளன. அதனால்தான் குழந்தையின் உடல் முழுவதையும் நாங்கள் மீண்டும் பார்க்கிறோம்.

இரத்தப் பரிசோதனை பெண் என்றும் ஸ்கேன் ஆண் என்றும் கூறும்போது, நாங்கள் மிகுந்த கவனம் செலுத்துவது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நிலைக்கு. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசோல் என்ற இன்றியமையாத ஹார்மோனைச் செய்வதற்குத் தேவையான ஒரு நொதி இதில் குறைவுபடுகிறது. அதற்கு மாற்றாகச் சுரப்பி ஆண் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. கருப்பையும் சினைப்பைகளும் இயல்பாக உள்ள பெண் குழந்தையின் வெளியுறுப்பு, அதன் விளைவாக ஆணுறுப்புப் போலப் பருத்துக் காணப்படும்.

இந்நிலை உலகளவில் சுமார் 14,000 முதல் 18,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. இக்குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹார்மோனும் போதாது. பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தை, இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில் பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், எடை குறையும், துவண்டு போகும். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் உயரும். உடனடிச் சிகிச்சை கிடைக்காவிட்டால் குழந்தை இறக்கவும் நேரும். "ஆண் குழந்தைதான்" என்று எண்ணி வீட்டிற்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண் குழந்தைக்கு இவ்வாபத்து கூடுதல். ஏனெனில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தாலோ, பிறந்த முதல் நாள்களிலேயே இரத்தப் பரிசோதனை செய்து, ஹைட்ரோகார்ட்டிசோன் முதலிய மாத்திரைகளைத் தொடங்கிவிடலாம். வாழ்நாள் முழுவதும் மருந்து எடுத்துக்கொள்ளும் இக்குழந்தைகள் பள்ளி சென்று, பணி செய்து, பிள்ளை பெற்று வாழ இயலும்.

இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாற்றமடைந்த மரபணுவைப் பெறும்போது வருவது. பெற்றோர் இருவருக்கும் எந்த அறிகுறியும் இராது. அத்தகைய தம்பதியருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் எனச் சொந்தத்திற்குள் திருமணம் செய்துகொண்டவர்களிடம் இவ்வகை நோய்களுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். "நீங்கள் உறவுக்குள் மணந்தவர்களா?" என்று நாங்கள் கேட்பது குறை காண்பதற்காக அன்று. குடும்பத்தில் காரணம் தெரியாமல் பச்சிளம் வயதில் இறந்த குழந்தைகள் இருந்தால் அதனையும் மறவாமல் கூறுங்கள்.

அடுத்து என்ன செய்யப்படும்?

முதலில் கருவுறு மருத்துவ நிபுணர் ஒருவர் நேரம் எடுத்து விரிவான ஸ்கேன் செய்வார். குழந்தையின் வெளியுறுப்போடு, கருப்பை தெரிகிறதா, அட்ரினல் சுரப்பிகள் பெரிதாக உள்ளனவா, சிறுநீரகங்களும் எலும்புகளும் எவ்வாறு உள்ளன என்பனவும் பார்க்கப்படும்.

அதன்பின் பெற்றோர் முன் ஒரு தெரிவு வைக்கப்படும். 15ஆம் வாரத்திற்குப் பிறகு மெல்லிய ஊசியால் சிறிதளவு பனிக்குட நீரை எடுத்து, குழந்தையின் சொந்தச் செல்களிலேயே குரோமோசோமையும், தேவைப்பட்டால் குறிப்பிட்ட மரபணுக்களையும் ஆராயலாம். இரத்தப் பரிசோதனை ஒரு கணிப்பு மட்டுமே. நோயறிதலுக்கு உரியது இப்பரிசோதனை. ஆனால் இதில் கருச்சிதைவுக்கான சிறு வாய்ப்பு உண்டு. அனுபவமிக்கவர்கள் செய்யும்போது அது 200இல் ஒன்றுக்கும் குறைவு. நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும் பரிசோதனை 11ஆம் வாரத்திலேயே இயலும் என்றாலும், ஐயம் நஞ்சுக்கொடியின் மீதே இருக்கும்போது அது தெளிவு தராது.

ஊசிப் பரிசோதனை கட்டாயமன்று. பிற உறுப்புகள் இயல்பாக இருந்து, பெற்றோர் காத்திருக்க விரும்பினால், பிரசவம் வரை காத்திருந்து பிறந்தபின் ஆராயலாம். அவ்வாறு தீர்மானித்தால், பிரசவத் திட்டத்தில் அது எழுத்தில் பதிவாக வேண்டும். குழந்தை மருத்துவரும் ஹார்மோன் நிபுணரும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். எவ்வழியைத் தேர்ந்தாலும் நாங்கள் உடன் இருப்போம்.

குழந்தை பிறந்தபின்

பிரசவ அறையில் "ஆணா பெண்ணா?" என்ற கேள்விக்கு உடனே விடை தராமல் நாங்கள் தயங்கினால், அதற்குக் காரணம் அவசர அறிவிப்பைப் பின்னர் மாற்றுவது குடும்பத்திற்கு மிகுந்த வேதனை தரும் என்பதே. முழுமையான உடற்பரிசோதனை, இரத்தத்தில் ஹார்மோன் மற்றும் உப்புகளின் அளவு, குரோமோசோம் ஆய்வு, வயிற்று ஸ்கேன் ஆகியவை செய்யப்படும். அவசர முடிவுகள் சில நாள்களில் கிடைக்கும். மரபணு முடிவுகளுக்குச் சில வாரங்களாகலாம். அட்ரினல் நிலை இல்லையென உறுதியாகும்வரை குழந்தையின் எடையும் இரத்த உப்புகளும் கண்காணிக்கப்படும். வீட்டிற்குச் சென்றபின், மேலே கூறிய பால் மறுத்தல், வாந்தி, சோர்வு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், காலை வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

வெளியுறுப்பின் தோற்றத்தை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் அவசரம் இல்லை. 2006இல் வெளியான அனைத்துலக நிபுணர்களின் கருத்தொற்றுமை அறிக்கை, பல துறையினர் அடங்கிய குழு பெற்றோரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர இத்தகைய அறுவையைக் குழந்தைகளுக்குச் செய்வது அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது. சிறுநீர் வெளியேறத் தடை போன்ற காரணங்கள் இருந்தால் அது வேறு. அதைத் தனியே விளக்குவோம்.

பெயர், பதிவு, உறவினர்

சிங்கப்பூரில் பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள்கள் அவகாசம் உண்டு. முடிவு தெளிவாகும்வரை அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெயர் சூட்டும் நாளையும் தொட்டிலிடும் நாளையும் சற்றுத் தள்ளி வைப்பதால் குறை ஒன்றும் நேர்ந்துவிடாது. வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், "குழந்தை நலமாக இருக்கிறது, சில பரிசோதனை முடிவுகள் வர வேண்டியுள்ளன" என்று சொன்னால் போதுமானது. அதற்கு மேல் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பது பெற்றோரின் உரிமை. ஒருமுறை பலரிடம் சொன்னதைத் திரும்பப் பெற இயலாது. குழந்தை வளர்ந்தபின் அது அக்குழந்தையின் அந்தரங்கச் செய்தியாகும்.

தாய் உண்ட உணவோ, பார்த்த காட்சியோ, நடந்த நடையோ இந்நிலைகளுக்குக் காரணமன்று. மாமியாரும் தாயாரும் உடன் வந்திருந்தால் அவர்களிடமும் இதனை நேரில் கூற நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.

பிரசவத்திற்கு இந்தியா செல்வோருக்கு

தலைப்பிரசவத்திற்குத் தாய் வீட்டிற்குச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட சட்டம், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து தெரிவிப்பதை முற்றிலும் தடை செய்கிறது. பெண் சிசுக்களைக் காப்பதற்கான சட்டம் அது. ஆகையால் அங்குள்ள ஸ்கேன் அறையில் பாலினத்தைச் சொல்லுமாறு மருத்துவரையோ தாதியரையோ வற்புறுத்தாதீர்கள். முரண்பாடு கண்டறியப்பட்ட நிலையில் பயணம் செய்ய நேர்ந்தால், புறப்படுவதற்கு முன் எங்களைச் சந்தியுங்கள். அங்குக் குழந்தை பிறந்தவுடன் பச்சிளங்குழந்தை மருத்துவர் செய்ய வேண்டிய பரிசோதனைகளை விவரித்து ஒரு கடிதம் தருவோம். அதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ஆலோசனைக்கு வரும்போது கொண்டுவர வேண்டியவை: இரத்தப் பரிசோதனையின் முழு அறிக்கை, முதல் ஸ்கேன் முதல் இன்று வரையிலான எல்லா ஸ்கேன் படங்கள், செயற்கைக் கருத்தரிப்பு செய்திருந்தால் அதன் விவரங்கள், இரத்தம் ஏற்றியது, உறுப்பு மாற்றம் ஆகியவை பற்றிய குறிப்புகள், தாய் உட்கொண்ட மருந்துகளின் பட்டியல். கேட்க நினைக்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். தமிழில் பேச விரும்புவோர் முன்பதிவின்போதே கூறினால், தமிழறிந்த ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்கிறோம்.